அநகாரிக தர்மபாலர் தம்முள் நிகழ்த்திய போர்

கோலார் தங்கவயலில் பௌத்தம் தழைத்த வரலாற்றைக் கூறுவோர் பண்டித அயோத்திதாசரை முதலில் நினைப்பர், அது முறையே. 1898-ஆம் ஆண்டில் அவர் கொழும்பு சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்று வந்த காலத்தில், கர்னல் ஆல்காட்டுடன் சென்னையில் அவருக்குத் துணைநின்றவர் அநகாரிக தர்மபாலர். புத்தகயைக்காகப் போராடியவர், சிகாகோ மாநாட்டில் பேசியவர் என்ற அளவில் தர்மபாலரை நம் அன்பர்கள் நன்கறிவர். அவர் தம் மனத்தோடு நடத்திய போரை அறிந்தவர் சிலரே. அதனையே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

அவர் 1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் கொழும்பில் செல்வம் மிக்க மரச்சாமான் வணிகரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டான் டேவிட் ஹேவாவிதாரண. கிறிஸ்தவப் பாடசாலைகளில் பயின்றார். 1883-இல் கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களின் ஊர்வலம் தாக்கப்பட்டது. அதன்பின் அவர் அப்பாடசாலையை விட்டு நீங்கினார். தம் சமயம் இழிவுபடுவதைக் கண்ணாரக் கண்ட இளைஞனின் நெஞ்சில் என்ன எரியும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1884-இல் அடையாற்றுக்கு வந்தவருக்குப் பிளாவட்ஸ்கி அம்மையார் பாலி மொழியைக் கற்கவும் மக்களுக்குத் தொண்டு செய்யவும் வழிகாட்டினார். பின்னர் அரசாங்க எழுத்தர் வேலையையும் இல்வாழ்வையும் ஒருங்கே துறந்தார். அநகாரிகன் என்றால் வீடற்றவன் என்பது பொருள்.

அக்காலத்து இலங்கையில் பாலி கற்ற பிக்குகள் பலர் இருந்தனர். தியானத்தைப் பழக்கிக் காட்டும் ஆசான் கிடைப்பதோ அரிதாயிருந்தது. கண்டிச் சீமையில் பழைய விகாரை ஒன்றிலிருந்து தியானமுறை கூறும் ஏட்டுச்சுவடி தர்மபாலர் கைக்கு வந்தது. அதனை ரைஸ் டேவிட்ஸ் பதிப்பிக்க, பாலி நூற்சங்கம் 1896-இல் அச்சிட்டது. அறிஞருக்கு அது ஓர் அரிய சுவடி. தர்மபாலருக்கோ அதுவே ஆசான். விடியுமுன் எழுந்து அமர்வார். மூச்சைக் கவனிப்பார், மைத்திரியை வளர்ப்பார். அன்றன்று மனம் போன போக்கைத் தம் நாட்குறிப்பில் ஒளிவின்றி எழுதுவார். சினந்த நாளில் சினந்தேன் என்றே எழுதினார். சினமுள்ள மனத்தைச் சினமுள்ள மனமென்று அறிவது சதிபட்டான சூத்திரம் காட்டும் வழிகளுள் ஒன்று என்பதை நினைக்க. நம் வயலின் ஆழ்சுரங்கங்களில் பாறை வெடிப்பு நேர்ந்தபின் ஓட இடமிருந்ததில்லை. முன்னதாக எழுந்த சிறு முனகலுக்குச் செவிகொடுத்தவனே பிழைத்தான். சினமும் அத்தகையதே.

1893-ஆம் ஆண்டு, சிகாகோ மாநாடு முடிந்து திரும்புகையில், அக்டோபர் 18-ஆம் நாள் அவருடைய கப்பல் ஹொனலூலு துறையில் தங்கியது. அவரைக் காண வந்தவர்களுள் மேரி பாஸ்டர் என்னும் கைம்பெண் ஒருவர், தந்தை ஆங்கிலேயர், தாய் ஹவாய்க் குடிவழியினர், பெருஞ்செல்வர். சமயத் தத்துவம் எதையும் அவர் கேட்கவில்லை. தம் கடுஞ்சினம் தம்மையும் சுற்றத்தாரையும் வருத்துவதாகக் கூறி, அதை அடக்கும் வழி யாதெனக் கேட்டார். சினம் தலைதூக்கும்போதே நல்லெண்ணத்தின் உறுதியால் அதனை அடக்கும் பயிற்சியைத் தர்மபாலர் சொல்லிக் கொடுத்தார். சிறிது நேரச் சந்திப்புத்தான். தம் சினத்தோடு நாள்தோறும் போராடிய ஒருவரிடமே அவ்வம்மையார் அக்கேள்வியைக் கேட்டார் என்பது வியப்புக்குரியது.

அந்தச் சந்திப்பு வீண்போகவில்லை. அவ்வம்மையாரின் பொருள் பின்னர்க் கடல் கடந்து வந்தது. கொழும்பில் ஏழைகளுக்கு இலவச வைத்தியசாலை எழுந்தது. கல்கத்தாவில் 1920-இல் தர்மராஜிக விகாரையும், சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரையும் அவருடைய கொடையால் உருவாயின.

1895-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த சோதனை பெரிது. ஜப்பானியர் வழங்கிய புத்தர் திருவுருவைப் புத்தகயைக் கோயிலின் மேல்தளத்தில் தர்மபாலர் எழுந்தருளச் செய்தார். மகந்தரின் ஆட்கள் கூட்டமாய் வந்து கூச்சலிட்டனர். தர்மபாலர் எதிர்த்துக் கைநீட்டவில்லை. உருவின் முன் அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்தார். அவர்கள் திருவுருவைத் தூக்கிக்கொண்டு போயினர். கீழ்க் கோர்ட்டு குற்றவாளிகளைத் தண்டித்தது. கல்கத்தா ஐகோர்ட்டு அவர்களை விடுவித்தது. வழக்கில் தோற்ற அவர், 1897-இல் இந்தியாவில் பஞ்சம் பரவியபோது மகாபோதி சபையின் வாயிலாகப் பட்டினியால் வாடினோர்க்குப் பொருள் திரட்டினார்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இலங்கை அரசியலில் அவருடைய எழுதுகோல் பலமுறை கடுமை பூண்டது. முஸ்லிம்களையும், தமிழர் முதலாய வெளியிலிருந்து வந்த தொழிலாளரையும் பற்றி அவர் எழுதிய சில, தமிழ்ப் பௌத்தராகிய நம்மால் ஏற்கத்தக்கனவல்ல. இராயப்பேட்டையில் ஒடுக்கப்பட்ட தமிழருக்குக் கைகொடுத்தவரும், அங்ஙனம் எழுதியவரும் ஒருவரே. 1915-இன் கலவரத்தில் அவருடைய தம்பி எட்மண்ட் சிறையிலடைக்கப்பட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் மாண்டார்; தர்மபாலரோ கல்கத்தாவை விட்டு நீங்கலாகாதென ஆண்டுகள் பல தடுத்து வைக்கப்பட்டார். அந்நாட்களிலும் விடியற்காலத் தியானமும் நாட்குறிப்பும் நிற்கவில்லை.

மேரி பாஸ்டர் 1930 டிசம்பரில் மறைந்தார். மறு ஆண்டு ஜூலையில் தர்மபாலர் சாமணேரராகித் தேவமித்தர் எனப் பெயர் பெற்றார். நவம்பரில் மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டது. 1933 ஜனவரியில் உபசம்பதை பெற்றார். தம்மத்தைப் பரப்ப மேலும் இருபத்தைந்து முறை பிறக்க விரும்பிய அவர், அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் சாரநாத்தில் உயிர்நீத்தார். மேரி பாஸ்டர் தம் தோட்டத்தை ஹொனலூலு நகரத்தார்க்கு விட்டுச் சென்றார். அங்கே தர்மபாலர் கொடுத்த போதிமரம் இன்றும் நிழல் தருகிறது.