வோல்ட்டா கண்ட மின்னடுக்கு

இத்தாலி நாட்டின் வடபால், மலைகள் சூழ்ந்த ஏரிக்கரையில் அமைந்த கோமோ நகரில், 1745 ஆம் ஆண்டில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா பிறந்தார். நான்கு வயது வரையில் அவர் வாய் திறந்து பேசவில்லை என்பர். வளர்ந்தபின் மின்னியலில் பெருவேட்கை கொண்டு, 1779 இல் பவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார்.

அந்நாளில் மின்சாரம் என்பது கண்ணாடி முதலியவற்றை உராய்ந்து பெறும் பொறியே ஆகும். அது தோன்றிய கணத்திலேயே மறையும், இடையறாது ஓடுவதன்று.

1791 இல் பொலோனியா நகரத்து உடற்கூற்றியல் அறிஞர் லூயிஜி கால்வானி ஒரு நூல் வெளியிட்டார். இறந்த தவளையின் காலை உலோகங்களால் தீண்டியபோது, அஃது உயிருள்ளது போலத் துடித்தது. உயிர்களின் உடலிலேயே மின்சாரம் உறைகின்றது என அவர் முடிவு செய்தார். வோல்ட்டா முதலில் அதனை வியந்து ஏற்றார். தாமே செய்து பார்த்தபின் ஐயுற்றார். இருவேறு உலோகங்களால் தீண்டியபோதே துடிப்பு மிக்கிருந்தது. எனவே, உலோகங்களின் சேர்க்கையே மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது, தவளைக்கால் அதனைக் காட்டும் கருவியே என்று அவர் மறுத்துரைத்தார். வெள்ளீயத் தகட்டையும் வெள்ளிக் காசையும் தம் நாவின்மேல் வைத்து இணைத்துப் புளிப்புச் சுவையை உணர்ந்ததும் இக்காலத்தேதான்.

ஐரோப்பிய அறிஞர் இரு கட்சியாயினர். கால்வானி பூசலை விரும்பாதவர். ஆயினும், 1794 இல் உலோகமே இன்றித் தவளைக்காலைத் துடிக்கச் செய்து காட்டினார். 1798 இல், புதிய குடியரசுக்கு உறுதிமொழி கூற மறுத்துப் பதவியிழந்த அவர், அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார். வழக்கின் முடிவை அவர் காணவில்லை.

1800 மார்ச் 20 ஆம் நாள், லண்டன் ராயல் சங்கத்தின் தலைவருக்கு வோல்ட்டா ஒரு மடல் விடுத்தார். வெள்ளி வில்லை ஒன்று, அதன்மேல் துத்தநாக வில்லை ஒன்று, அதன்மேல் உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாறி மாறி அடுக்கி, இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மின்சாரம் இடையறாது ஓடும் என்பது அதன் செய்தி. ஓர் இணையின் ஆற்றல் சிறிது. இணைகள் பெருகப் பெருக ஆற்றலும் பெருகும். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் இவ்வடுக்கினால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். 1801 இல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் வோல்ட்டா தம் ஆய்வைச் செய்துகாட்டிப் பொற்பதக்கம் பெற்றார்.

ஆயினும், தாம் படைத்த அடுக்கு இயங்கும் காரணத்தை அவர் செவ்வனே உணர்ந்திலர் என்பது வியப்பே. உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே போதும் என அவர் எண்ணினார். உப்புநீரை வெறும் வழியாகவே கொண்டார். உண்மையில், துத்தநாகம் கரைகின்றது. கரையும் ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்தில் விட்டு அயனியாக நீரிற் செல்கின்றது. அவ்வெலக்ட்ரான்கள் கம்பி வழியே வெள்ளியை அடைகின்றன. ஆங்கு நீரிலுள்ள ஹைட்ரஜன் அவற்றை ஏற்று வாயுவாகின்றது. உப்புநீரில் அயனிகள் நகர்ந்து சுற்றினை நிறைவு செய்கின்றன. வேதிமாற்றம் நின்றால் மின்னோட்டமும் நின்றுவிடும். துத்தநாகம் தேய்வதே மின்சாரத்தின் விலை.

கால்வானியின் கொள்கையும் முற்றிலும் பொய்யன்று. நரம்புகளில் மின்துடிப்புகள் ஓடுவதைப் பிற்காலத்தார் மெய்ப்பித்தனர்.

வோல்ட்டா 1827 இல் கோமோவிலேயே இயற்கை எய்தினார். மின்னழுத்தத்தின் அலகுக்கு 1881 இல் அவர் பெயரால் வோல்ட் என்று பெயரிடப்பட்டது. சிறிய மின்னோட்டத்தை உணர்த்தும் கருவியோ, கால்வானியின் பெயரால் கால்வனாமீட்டர் என வழங்குகின்றது.