உலகத் தோற்றமும் சுவாமி விவேகானந்தரும்

1893-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பம்பாயிலிருந்து புறப்பட்ட நீராவிக் கப்பல் ஒன்று கொழும்பைக் கடந்து, பினாங்கில் நங்கூரமிட்டு, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் நோக்கிச் சென்றது. அதில் முப்பது வயது நிரம்பிய வங்காளத் துறவி ஒருவர் பயணம் செய்தார். மேற்கே சுமத்திராவின் உயர்ந்த மலைகள் தென்பட்டதையும், முற்காலக் கடற்கொள்ளையர் பதுங்கியிருந்த இடங்களைக் கப்பல் தலைவர் சுட்டிக் காட்டியதையும் அவர் பின்னர் யோக்கஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். கிழக்கே நமது கரை. இன்றைய துறைமுகம் அன்று அங்கே இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது 1901-இல்தான். அது போர்ட் கிள்ளான் என்னும் பெயர் பெற்றது 1972-இல். நமது வாயிலைக் கடந்து அம்மகான் சென்றதை அறிந்தோர் அன்று இக்கரையில் எவரும் இருந்திரார்.

அவரே சுவாமி விவேகானந்தர். உலகம் எங்கிருந்து வந்தது, படைத்தவன் ஒருவன் உண்டா, விஞ்ஞானம் கூறுவதும் வேதம் கூறுவதும் ஒன்றோ வேறோ என்னும் கேள்விகளை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்து சென்றார். அவரது வீரமொழிகளை நம் ஆலய விழாக்களில் பலரும் எடுத்துரைக்கின்றனர். இக்கேள்வியோடு அவர் போராடிய வரலாறோ அத்துணை பேசப்படுவதில்லை.

கல்கத்தா உயர்நீதிமன்ற வழக்கறிஞர் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி அம்மையாருக்கும் 1863 ஜனவரி 12-ஆம் நாள் மைந்தராய்ப் பிறந்தவர் நரேந்திரநாதர். கிறித்தவ மிஷனரிமார் நடத்திய கல்லூரியில் பயின்று 1884-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஹியூம், மில், ஹெர்பர்ட் ஸ்பென்சர், டார்வின் முதலியோரின் கருத்துகள் அந்நாளைய வங்காள இளைஞரின் உள்ளத்தைப் புயலெனத் தாக்கின. சொல்லப்பட்டது என்பதற்காகவோ, எழுதப்பட்டது என்பதற்காகவோ எதையும் ஏற்க நரேந்திரர் மறுத்தார். பிரம்ம சமாஜத்துப் பெரியவர் தேவேந்திரநாத தாகூரிடம் சென்று, தாங்கள் இறைவனைக் கண்டதுண்டா என வினவினார். நேரான விடை கிடைக்கவில்லை. இதே வினாவைத் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் கேட்டபோது, ஆம், கண்டேன், உன்னைக் காண்பதினும் தெளிவாகக் காண்கிறேன் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். நரேந்திரர் கேட்டது உலகைப் படைத்தவன் உண்டு என்பதற்கான வாதத்தை அன்று; கண்ட சாட்சியை. அவரது பிற்காலச் சிந்தனை அனைத்துக்கும் இதுவே வேர்.

1884-இல் தந்தையார் காலமானார். கடன்காரர் வாயிலில் நின்றனர், வீட்டில் பசி. இத்துணைத் துன்பத்தை அனுமதிக்கும் கடவுள் இருக்கக் கூடுமா என்று நரேந்திரர் வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கினார். நாத்திகராகிவிட்டார் என ஊர் பேசியது. குருநாதர் சீறவில்லை, காளியன்னையின் சந்நிதிக்கே அவரை அனுப்பினார். பொருள் வேண்டிச் சென்றவர் மும்முறையும் ஞானமும் பக்தியும் வைராக்கியமும் மட்டுமே வேண்டித் திரும்பினார். ஐயம் கொண்டவனைச் சந்நிதியிலிருந்து விரட்டாத குரு வாய்த்தது அவருடைய நற்பேறு.

1886-இல் பரமஹம்சர் மகாசமாதி எய்தினார். நரேந்திரர் துறவு பூண்டு பாரதமெங்கும் கால்நடையாகவும் இரயிலிலும் திரிந்து, 1892 டிசம்பரில் குமரிமுனையை அடைந்தார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய தமிழிளைஞர் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். சிகாகோ நகரின் சர்வசமயப் பேரவைக்கு அவரை அனுப்பி வைத்ததில் தமிழர் பங்கு பெரிது.

அப்பேரவையில் 1893 செப்டம்பர் 19-ஆம் நாள் இந்து சமயம் பற்றி அவர் வாசித்த கட்டுரையில் உலகத் தோற்றம் முதன்மையான இடம் பெற்றது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகம் ஒரு நாள் உண்டாக்கப்பட்டது என்னும் கொள்கையே அங்குக் கூடியிருந்தோரில் மிகப் பலருக்குப் பழக்கமானது. சுவாமிகளோ படைப்புக்கு ஆதியும் இல்லை அந்தமும் இல்லை என்றார். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் என்றும் மாறாது என்று விஞ்ஞானம் நிறுவியிருப்பதை அவர் துணைக்கு அழைத்தார். ஈர்ப்பு விதி மனிதன் அறியுமுன்பும் இருந்தது போலவே வேத உண்மைகளும் இருந்தன என்று விளக்கினார். விதையிலிருந்து மரம், மரத்திலிருந்து விதை என ஒடுக்கமும் தோற்றமும் மாறி மாறி நிகழ்கின்றன என்பதே அவர் பல மேடைகளில் விரித்துரைத்த கருத்து. சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஒடுங்கிய இடத்திலிருந்தே உலகம் மீளத் தோன்றும் என்பதும், மாயை அநாதி என்பதும் சிவஞானபோதத்தில் உள்ளனவே. சுவாமிகள் அத்வைதி, அந்த வேறுபாடு வேறு. ஒன்றுமில்லாமையிலிருந்து ஒன்றும் வாராது என்பதில் இரு நெறியும் ஒன்றுபடுகின்றன.

1896-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஓர் அரிய சந்திப்பு நிகழ்ந்தது. புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார்ட் நடித்த நாடகம் ஒன்றைக் காணச் சென்ற சுவாமிகள், அவ்வம்மையாரின் விருப்பத்தின் பேரில் நடைபெற்ற கலந்துரையாடலில் மின்னியல் மேதை நிக்கோலா டெஸ்லாவைக் கண்டார். பிராணன், ஆகாசம், கற்பம் ஆகியவை பற்றி வேதாந்தம் கூறுவதைக் கேட்டு டெஸ்லா மகிழ்ந்தார். பொருளும் விசையும் ஒரே ஆற்றலில் அடங்கும் என்பதைக் கணிதத்தால் மெய்ப்பிக்கலாம் என்று அவர் நம்பினார். அதைக் காட்டுவதாகச் சொல்லிச் சுவாமிகளை மறுவாரம் வரவும் அழைத்தார். சுவாமிகள் பிப்ரவரி 13-ஆம் நாள் இங்கிலாந்து அன்பர் ஸ்டர்டிக்கு எழுதிய கடிதத்தில் இதனைப் பெருமகிழ்ச்சியோடு தெரிவிக்கின்றார். அது நிறைவேறினால் வேதாந்தத்தின் உலகத் தோற்றக் கொள்கை அசைக்க முடியாத அடித்தளம் பெறும் என்பது அவர் எதிர்பார்ப்பு. இப்பொருள் குறித்து நூலொன்று எழுதவும் எண்ணியிருந்தார்.

டெஸ்லாவிடமிருந்து அந்தக் கணித நிரூபணம் வரவேயில்லை. நூலும் எழுதப்படவில்லை. பொருளும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் வேறு வழியில் நிறுவினார். அப்போது சுவாமிகள் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமது மலர்களிலும் மேடைகளிலும் இந்நிகழ்ச்சி கூறப்படும்போது, வேதாந்தத்தை டெஸ்லா மெய்ப்பித்துவிட்டார் என்றே பெரும்பாலும் முடிக்கின்றனர். அது உண்மைக்கு மாறு. சுவாமிகளின் பெருமைக்கு அத்தகைய மெருகு தேவையுமில்லை. அக்காலத்து விஞ்ஞானிகள் வெளியெங்கும் ஈதர் என்னும் நுண்பொருள் நிறைந்திருப்பதாகக் கருதினர். ஆகாசமும் அதுவும் ஒன்றே எனப் பலர் எண்ணினர். 1905-க்குப் பின் ஈதர் கொள்கையே கைவிடப்பட்டது. பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளே என்று 1897-இல் கெல்வின் பிரபு கணித்தார். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்னும் நம் புராணக் கணக்கை அன்று விஞ்ஞானத்தோடு பொருத்தப் புகுந்தவன் அதனை நூறில் ஒரு பங்காகக் குறைத்திருக்க வேண்டும். இன்றோ பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்கின்றனர். அளவுகோல் வளர்கிறது, திருத்தப்படுகிறது. அதுவே விஞ்ஞானத்தின் இயல்பு, அதன் சிறப்பும் ஆகும்.

கத்தோலிக்கருக்கும் இதே சோதனை நேர்ந்தது. பிரபஞ்சம் விரிந்து வருகிறது என்பதைச் சமன்பாடுகளிலிருந்து 1927-இல் எடுத்துக்காட்டியவர் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்தர். 1929-இல் ஹப்பிளின் ஆய்வு அவ்விரிவுக்குச் சான்றளித்தது. பெருவெடிப்பின் எச்சமான கதிர்வீச்சு 1965-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1951-இல், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இக்கொள்கை வேதாகமத்தின் படைப்புக்குச் சான்று என்னும் தோரணையில் உரையாற்றியபோது லெமேத்தர் மகிழவில்லை. தம் கணிதத்தைச் சமயத்துக்குச் சான்றாக்குவதை அவர் விரும்பவில்லை. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணிப்பு. அதற்கு முன் என்ன இருந்தது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிவு இல்லை. சுவாமிகளின் ஒடுக்கமும் தோற்றமும் அங்கே இடம்பெறுமா என்பதும் திறந்த வினாவாகவே நிற்கிறது.

சுவாமிகளோ இத்தகைய சோதனைக்கு அஞ்சியவரல்லர். 1896-இல் லண்டனில் ஆற்றிய உரையில், பிற துறைகளை ஆராயும் அதே பகுத்தறிவால் சமயத்தையும் ஆராய வேண்டும் என்றார். அவ்வாராய்ச்சியில் அழியும் சமயம் வெறும் மூடநம்பிக்கையே, அது விரைவில் அழிவது நன்று என்றும் துணிந்து கூறினார். அழியாதது அனுபவம் என்பது அவர் உறுதி. டெஸ்லாவின் கணக்கு வாராமற் போனதனால் அவர் தளராததன் காரணம் இதுவே போலும்.

1897 ஜனவரி 15-ஆம் நாள் அவர் கொழும்பில் இறங்கினார். யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம் வழியாகச் சென்னை வரை மக்கள் திரண்டு வரவேற்றனர். பின்னாளில் கல்கத்தா உயிரியல் பூங்காவில் அதன் மேலாளரோடு உரையாடியபோது, டார்வின் கூறும் போராட்டம் விலங்குலகில் மெய்யே என ஒப்புக்கொண்டார். மனிதனின் உயர்வு போராட்டத்தால் அன்று, தியாகத்தால் என்று வேறுபடுத்தினார். 1893-இல் கப்பலில் உடன் பயணம் செய்த ஜாம்ஷெட்ஜி டாட்டா, 1898-இல் தாம் திட்டமிட்ட ஆராய்ச்சிக் கழகத்துக்கு அவரது ஆதரவை நாடிக் கடிதம் எழுதினார். அக்கழகம் 1909-இல் பெங்களூரில் உருவாயிற்று. 1900-இல் பாரிஸ் மாநாட்டில் ஜகதீச சந்திர போஸ் தம் ஆய்வை எடுத்துரைத்தபோது அந்நகரில் இருந்த சுவாமிகள் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை.

1902 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. பேலூர் மடத்தில் அன்று காலை நெடுநேரம் தியானத்தில் அமர்ந்தார். பிற்பகலில் இளந்துறவியர்க்கு வடமொழி இலக்கணம் கற்பித்தார். மாலையில் பிரேமானந்தரோடு உலாவச் சென்றபோது வேதக் கல்லூரி ஒன்று நிறுவ வேண்டுமென்றார். வேதம் கற்பதால் என்ன பயன் என அவர் வினவ, மூடநம்பிக்கைகள் அழியும் என்பது சுவாமிகளின் விடையாயிற்று. அன்றிரவே, நாற்பது வயதும் நிரம்பாமல், அவர் உடல் நீத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1904-இல், கோலாலம்பூரில் குடியேறியிருந்த யாழ்ப்பாணத் தமிழர் அவர் பெயரால் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். பிரிக்பீல்ட்ஸில் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. முன்புறம் அவருடைய சிலை.