காலண்டரில் கடவுளை வரைந்தவர்

கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் கதை

காலண்டர் என்பது தேதி பார்க்கும் பொருள். ஆண்டு முடிந்தால் அதன் வேலையும் முடிந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் அப்படி முடியவில்லை. தேதித்தாள் தீர்ந்த பிறகும் மேலே இருந்த சாமி படத்தை யாரும் எறியவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பொட்டு வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டார்கள்.

அப்படிப் பூஜைக்கு வந்த படங்களில் பல, ஓர் ஓவியரின் தூரிகையில் பிறந்தவை. அவர்தான் சி. கொண்டைய ராஜு.

துறவு நாட்டம்

கொண்டைய ராஜு 1898-ல் பிறந்தார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகச் சித்திரம் பயின்றார். ஒளியும் நிழலும் காட்டி, உருவம் உயிரோடு எழுந்து நிற்பதுபோல் வரையும் மேல்நாட்டு முறை அவருக்குக் கைவந்தது.

ஆனால் மனம் வேறு பக்கம் இழுத்தது. திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். மகரிஷியின் உருவத்தையும் ஓவியமாகத் தீட்டினார்.

திரைச்சீலை தந்த பாடம்

பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்நாளில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் செல்லும். அரண்மனை, காடு, கடைத்தெரு என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரைச்சீலை வேண்டும். அவற்றை வரைவது ராஜுவின் வேலை.

கடைசி வரிசையில், மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் காட்சி பளிச்சென்று தெரிய வேண்டும். பார்த்தவுடன் இது இன்ன இடம் என்று புரிய வேண்டும். மேடை கற்றுக் கொடுத்த இந்தப் பாடம் பின்னால் அவருக்குப் பெரிதும் உதவியது.

1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்தவர், அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1944-ல் அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கியது. புகைப்படமும் ஓவியமும் அங்கே தொழில்.

சிவகாசியின் அழைப்பு

பக்கத்தில்தான் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்த அச்சகங்கள், காலண்டரும் அச்சிட்டன. கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரைப் போட்டு, வாடிக்கையாளர்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் புதுப் படம் தேவைப்பட்டது. ராஜுவுக்கு வேலை குவிந்தது.

தாமரையில் லட்சுமி வீற்றிருக்க, இருபுறமும் யானைகள் நீர் சொரியும் கஜலட்சுமி படம் லட்சக்கணக்கில் அச்சாகி வீடுகளுக்குப் போனது. மீனாட்சி கல்யாணமும் முருகனும் அவ்வாறே பரவினர்.

அவர் வரைந்த தெய்வங்கள் நேராக நம்மைப் பார்க்கும். முகத்தில் கனிவு இருக்கும். நகையும் பட்டும் மின்னும். பின்னால் மலையும் ஆறும் மாளிகையும் நாடகக் காட்சிபோல் விரியும்.

எண்ணெய் வண்ண ஓவியத்தை விலை கொடுத்து வாங்க ஏழைக்கு ஏது வழி? மளிகைக் கடையில் கிடைத்த காலண்டர் அந்தக் குறையைத் தீர்த்தது. கோயிலுக்குள் நுழைய விடாமல் நெடுங்காலம் தடுக்கப்பட்ட மக்களின் குடிசைச் சுவரிலும் அதே கஜலட்சுமி இருந்தாள். அங்கே அவளைக் கும்பிட யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

மாணவர்களே குடும்பம்

ராஜு மணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே அவருக்குக் குடும்பம். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் முதலியோர் அவரிடம் தொழில் கற்றுப் பெயர் பெற்றார்கள்.

சில படங்களின் அடியில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கொண்டைய ராஜு. மற்றொன்று சுப்பையா. தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் மாணவனின் கையெழுத்துக்கும் இடம் கொடுத்த குரு அவர். அதனால்தான் கோவில்பட்டியில் ஓர் ஓவியப் பரம்பரையே உருவானது.

காலண்டர் படம் வெறும் வியாபாரச் சரக்கு, அது கலை ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. ராஜு 1976-ல் காலமானார். பின்னாளில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் அவருடைய ஓவியங்களை ஆராய்ந்து எழுதினார்.

மக்களோ எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்கவில்லை. ஓவியர் பெயர்கூடத் தெரியாமல், அந்தப் படங்களுக்கு என்றோ பூச்சூட்டி விட்டார்கள்.