சமையற்கட்டில் ஒரு இன்ஜினியர்



மெக்கானிக்கல் படிக்கிறவன் சமையல்காரரைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஹாஸ்டல் மெஸ் வரிசையில் தட்டும் கையுமாக நிற்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறவர் இவர்தான். பெயர் அலெக்சிஸ் சோயர்.

1810-ல் பிரான்சில் பிறந்து, பாரிஸில் தொழில் பழகினார். 1830 புரட்சிக்குப் பின் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர், 1837-ல் லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் ஆனார். அடுத்த வருடம் விக்டோரியா மகாராணி முடிசூடிய நாளில் 2000 பேருக்குக் காலை விருந்து படைத்துப் பெயர் வாங்கினார்.

என்னைக் கவர்ந்தது அந்த விருந்தல்ல. கிளப்பின் புதிய கட்டடத்தில் அவர் அமைத்த சமையற்கூடம். ஊரே கரிப்புகையில் வெந்துகொண்டிருந்த காலத்தில் அவர் கேஸ் அடுப்பு வைத்தார். வேண்டும்போது பற்றவைக்கலாம், தீயைக் கூட்டலாம், குறைக்கலாம், வேலை முடிந்தால் அணைத்துவிடலாம். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்களாம்!

1847-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். அரசு அவரை டப்ளினுக்கு அழைத்தது. கொட்டகை நடுவே 300 காலன் பாய்லர். மணி அடித்தால் நூறு பேர் உள்ளே; சூப்பைக் குடித்துவிட்டு மறுவழியாக வெளியே; உடனே அடுத்த நூறு பேர். ஃபாக்டரியில் சரக்கு நகர்கிற மாதிரி, தினமும் ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவருடைய சிக்கன சூப்பில் இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு இறைச்சிதான். இது உயிர் தாங்கப் போதாது என்று மருத்துவர்கள் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம்தான். வரிசை வேகமாக நகர்ந்தால் மட்டும் வயிறு நிறைந்துவிடுமா?

1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு எதிரே பிரம்மாண்டமாக ஒரு உணவகம் திறந்தார். சில மாதத்தில் 7000 பவுண்டு நஷ்டம்!

மனுஷன் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. 1855-ல் கிரிமியப் போரில் சிப்பாய்கள் சோறின்றி வாடும் செய்தி கேட்டு, சொந்தச் செலவில் கிளம்பினார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிய ஸ்குட்டாரி மருத்துவமனையில், இறைச்சியை இறுக்கிக் கட்டி வேகவைத்ததால் பாதி பச்சையாகவே நோயாளிக்குப் போய்க்கொண்டிருந்தது. அது வெந்த தண்ணீரையோ கீழே கொட்டினார்கள். கட்டைத் தளர்த்தச் சொன்னார். அந்தத் தண்ணீரையே சூப்பாக்கினார். இரண்டுக்கும் காசு செலவே இல்லை!

போர்முனைக்கு அவர் கொண்டுபோனது தானே டிசைன் செய்த அடுப்பு. ஒரு இரும்பு டிரம். அடியில் தீ, மேலே அண்டா, புகைபோக ஒரு குழாய். விறகு, கரி எது கிடைத்தாலும் எரியும். காற்றும் மழையும் ஒன்றும் செய்யாது. இரவில் தீ வெளியே தெரியாததால் எதிரிக்கு இடமும் காட்டிக் கொடுக்காது. 1858-ல் 48 வயதிலேயே சோயர் காலமானார். அவர் அடுப்போ நூறாண்டு கடந்து, 1980களிலும் பிரிட்டிஷ் ராணுவத்தில் எரிந்துகொண்டிருந்தது.

நண்பர்களே, டிராயிங் ஷீட்டில் நாம் எத்தனையோ போடுகிறோம். கோடு சரியாக இருந்தால் மார்க் கிடைக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தப் போகிறவனின் பசி தீருமா என்பதுதான் கடைசிக் கேள்வி. டப்ளினில் அந்தக் கேள்வியில் தவறியவர், ஸ்குட்டாரியில் அதை எழுதித் தேறிவிட்டார். நாமும் ஒரு பேப்பர் போனால் மனம் விட வேண்டாம். அடுத்த முறை சரியாக எழுதுவோம்!

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை