கைவிளக்கேந்திய காரிகையின் கடிதங்கள்

நம் ஜவ்வாது மலையில் நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்த காலத்தை நம் பெரியோர் அறிவர். இரவெல்லாம் கண்விழித்துக் காக்கும் நர்ஸின் அருமை நமக்குத் தெரியும். எனவே இவ்விழா மலரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நினைவுகூர விரும்புகிறோம்.

1820 மே 12-ல் செல்வந்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸ் வேலை குடும்ப கௌரவத்துக்கு ஆகாது என்று வீட்டார் தடுத்தனர். தடையை மீறிப் பயிற்சி பெற்று, 1854-ல் கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேண 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி நகருக்குச் சென்றார். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை.

அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதைப் பலர் அறியார். அவர்களுள் ஒருவர் இலண்டன் பெர்மாண்ட்சி இரக்கத்தின் கன்னியர் மடத்துத் தலைமைத் தாயார் மேரி கிளேர் மூர். 1856-ல் தாயார் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியபோது அம்மையார் அவருக்குக் கடிதம் எழுதினார். தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிடத் தாயாரே தகுதியுள்ளவர் என்றும், தாம் அவருக்கு மேலாக வைக்கப்பட்டது தமது துரதிர்ஷ்டமே என்றும் அதில் ஒப்புக்கொண்டார். உலகமே தம்மைப் போற்றிய வேளையில் எழுதியது இது! அவருடைய கடிதங்களில் 10,000-க்கு மேல் இன்றும் காப்பகங்களில் உள்ளன. நம் மனத்தைத் தொடுவது இந்த ஒன்றுதான்.

அம்மையார் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். 1852-ல் சேர எண்ணி மானிங் அடிகளாருக்குக் கடிதங்கள் எழுதியும் சேரவில்லை. இதை மறைப்பானேன்? ஆயினும் புனித சிலுவை அருளப்பர், புனித அவிலா தெரேசாள் ஆகியோரின் நூல்களைத் தாயாரிடம் இரவல் வாங்கி வாசித்தார். நோயினால் வீட்டோடு முடங்கிய அவருக்கு அவை பெருந்துணை. 1874 டிசம்பரில் தாயார் இறக்கும்வரை இந்த நட்பு நீடித்தது.

இந்திய மண்ணை அவர் ஒருபோதும் மிதித்ததில்லை. ஆனாலும் படுக்கையிலிருந்தே வைசிராய்களுக்கும் கவர்னர்களுக்கும் நம் நாட்டின் சுகாதாரம் பற்றி எழுதிக்கொண்டேயிருந்தார். தாது வருடப் பஞ்சம் (1876-78) நம் வட ஆற்காட்டையும் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளையும் வாட்டியபோது, குடியானவர் கடனில் மூழ்குவதை எடுத்துக்காட்டி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எழுதினார். காவேரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் துரையோடு சேர்ந்து பாசன வசதிக்காக வாதாடினார். அரசு அவர் கேட்ட அளவுக்குச் செய்யவில்லை.

1910 ஆகஸ்டு 13-ல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அரச மரியாதையோடு அடக்கம் செய்ய முன்வந்தும் குடும்பத்தார் இசையவில்லை. கிழக்கு வெல்லோ கிராமத்துக் கல்லறையில் முழுப் பெயரும் இல்லை, எப். என். என்ற இரண்டு எழுத்துக்களும் பிறந்த, இறந்த நாட்களுமே உள்ளன.