எட்வர்ட் புலாஸ்கி

எட்வர்ட் குரோக்கெட் புலாஸ்கி (1866 - 1931) ஐக்கிய அமெரிக்காவின் காட்டுத்துறையில் பணியாற்றிய வனக்காவலர் ஆவார். காட்டுத்தீயை எதிர்கொள்ள உதவும் புலாஸ்கி என்னும் கருவி இவர் பெயரால் அழைக்கப்படுகின்றது.

ஒகையோ மாநிலத்தில் பிறந்த இவர், 1908 இல் ஐடகோ மாநிலத்தின் வாலஸ் நகரில் வனக்காவலரானார்.

1910 பெருந்தீ

1910 ஆகஸ்ட் 20 அன்று வீசிய கடுங்காற்றினால் பல தீக்கள் ஒன்றிணைந்தன. இரு நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு அழிந்தது. குறைந்தது 85 பேர் இறந்தனர். தீயால் சூழப்பட்ட ஏறத்தாழ 45 தொழிலாளர்களைப் புலாஸ்கி ஒரு சுரங்கத்தினுள் அழைத்துச் சென்றார். அஞ்சி வெளியேற முயன்றோரைத் துப்பாக்கி காட்டித் தடுத்தார். வாயிலில் ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டார். புகையால் அனைவரும் மயங்கினர். ஐவர் உள்ளே இறந்தனர், ஏனையோர் பிழைத்தனர்.

பிற்காலம்

இவரது கண்களும் நுரையீரலும் பாதிக்கப்பட்டன. சிகிச்சைச் செலவை அரசு ஏற்கவில்லை. எனினும் 1930 வரை பணியில் தொடர்ந்தார். இறந்த தொழிலாளர்களின் கல்லறைகளைப் பல ஆண்டுகள் தாமே பராமரித்தார்.

புலாஸ்கி கருவி

இதன் ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டி போன்ற அலகும் உள்ளன. மரம் வெட்டவும், மண்ணைக் கொத்தித் தீத்தடுப்புக் கோடு அமைக்கவும் இது ஒன்றே போதும். இதை ஒத்த கருவிகள் முன்னரே இருந்தன. எனினும் இவர் செம்மைப்படுத்திய வடிவமே பரவலானது.