மிருதங்கத்தில் மணல் தூவிய மேதை

நம்ம தோட்டத்துக் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையன் தகர டின்னைத் தட்டுவான். டின்னு இரையும், மிருதங்கமோ பாடும். ஏன் இப்படி என்று கேட்டு, விடை கண்டவர் சர் சி. வி. இராமன்.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறி, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். அப்போது வயசு பதினெட்டுதான்! கைநிறையச் சம்பளம். மற்றவராய் இருந்தால் காலாட்டிக்கொண்டு இருந்திருப்பார். இவரோ ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடந்தார். பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1917-இல் அந்த உத்தியோகத்தையே உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். வீட்டில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வோம், சொல்லுங்கள்!

சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டா. மிருதங்கத்தின் வலந்தலையில் வட்டமாக அப்பியிருக்கும் கறுப்புப் பூச்சு அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்கான விகிதத்தில் சேர்க்கிறது. இதை 1920-இல் உலகுக்குச் சொன்னார். பிறகு தோல்மேல் நைசான மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். தோல் அதிரும் இடத்தை விட்டு ஓடிய மணல், அசையாத இடங்களில் கோடு கோடாக நின்றது. பெயர் தெரியாத நம் முன்னோர் கைப்பழக்கத்தால் கண்டதை, இவர் கண்ணுக்குக் காட்டினார்.

1928 பிப்ரவரி 28-இல், கே. எஸ். கிருஷ்ணனுடன் செய்த ஆராய்ச்சியில், பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சிறிது மாறுவதைக் கண்டார். உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதை அந்த மாற்றமே சொல்லிவிடும். 1930-இல் நோபல் பரிசு. 1935-36-இல், காதுக்கு எட்டாத ஒலி அலை திரவத்தில் அடுக்கடுக்காய் நிற்பதையும், அந்த அடுக்கில் ஒளி பிரிவதையும் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து விளக்கினார்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். மங்கில் சொட்டும் ரப்பர் பாலுக்குள் இருப்பது கரி அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஆனால் சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி. இன்றைய ஆய்வாளர்கள் வெறும் கரி அணுக்களையே ஒற்றைச் சரமாகக் கோத்து, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய படலமாக வளர்க்கிறார்கள். வளரும்போதே ஒலி அலையைச் செலுத்தி, சரங்களைச் சீராக நிறுத்தவும் முயல்கிறார்கள். மிருதங்க மணல் ஞாபகம் வருகிறதா?

சரம் சரியாக அமைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஒளியைப் பாய்ச்சி, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு உலகமெங்கும் இராமன் பெயர்தான். அவர் 1970 நவம்பர் 21-இல் பெங்களூரில் காலமானார்.